வசந்தா அன்ரியின் பீக்கிங் தமிழ்

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. என் கணவர். கார்த் திறப்பைக் காணவில்லையாம்.

"பிரிட்ஜுக்கு மேல பாருங்கோ. நான் வேலைக்கு வந்திட்டன், பிறகு கதைக்கிறன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தேன்.

உள்ளே இருந்து ஒரு குரல் வந்தது.

"அம்மா, நீங்கள் இப்பொழுது பேசியது தமிழ் அல்லவா?"

ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே நின்றேன். சுவிஸில், சோலோதுர்ன் பழைய நகரத்தில், ஆற்றைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி அது. முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ஏதாவது சமைத்து வைத்துவிட்டு வருவதுதான் என் வேலை. அந்த வீட்டுக்கு அன்றுதான் முதன்முதலாகப் போகிறேன். "திருமதி லின். சீனப் பெண்மணி. ஜேர்மன் கொஞ்சம்தான் விளங்கும். இடுப்பில் சத்திரசிகிச்சை செய்தவர்" என்று மட்டும் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

சில்லு வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். என் தோள்வரைக்கும்தான் உயரம். காதோடு ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலைமயிர். கம்பளிச் சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் கழுத்துவரை பூட்டியிருந்தார்.

"ஓம், தமிழ்தான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ஓம்" என்று அவர் திருப்பிச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னார். "எங்களுடைய ஆசிரியரும் ஓம் என்றுதான் சொல்வார். நீங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவரா?"

அன்றைக்கு அவரைக் குளிப்பாட்ட நேரம் கிடைக்கவில்லை.

(அவரிடமும் அவருடைய மகளிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். சீனப் பெயர்கள் மட்டும் வேறு.)

பிரெஞ்சு கேட்டவருக்குத் தமிழ்

அவர் பீக்கிங்கில் மொழிக் கல்லூரிக்குப் போனபோது, யார் எந்த மொழி படிக்க வேண்டும் என்பதை அரசாங்கம்தான் தீர்மானித்ததாம். பிரெஞ்சு கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பெயரைக் கூப்பிட்டுத் தமிழ் என்றார்களாம்.

"தமிழ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியாது. அவளுக்கு உருது கிடைத்தது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

படிப்பு முடிந்ததும் அரசாங்கத்தின் புத்தகப் பதிப்பகத்தில் வேலை. சீனாவின் கதைகளையும் கொள்கைகளையும் உலக மொழிகளிலெல்லாம் அச்சடித்து வெளியே அனுப்புகிற பெரிய நிறுவனம் அது. ஒரு நீளமான நடைபாதை. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு மொழி. காலையில் சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு அந்த நடைபாதையால் வந்தால் சுவாகிலி, இந்தி, அரபு எல்லாம் கடந்துதான் தமிழுக்கு வர வேண்டும் என்றார்.

தமிழ் அறையில் மிகச் சிலர்தான். எல்லோரும் சீனர்கள். அவர்கள் எழுதும் தமிழைத் திருத்துவதற்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியரை மனைவியோடு வரவழைத்து வைத்திருந்தார்கள். சீனப் பெயர்கள் வாயில் வராததால் அந்த மனிதர் எல்லோருக்கும் தமிழ்ப் பெயர் வைத்துவிட்டார். இவர் வேலைக்குச் சேர்ந்தது வசந்த காலத்தில். அதனால் வசந்தா.

"வசந்தா என்றே நீங்களும் அழைக்கலாம்" என்றார்.

"உங்கட வயசுக்கு நான் பெயர் சொல்லிக் கூப்பிட ஏலாது. வசந்தா அன்ரி எண்டு சொல்லுறன்" என்றேன்.

"அன்ரி" என்றால் என்ன என்று கேட்டார். ஆங்கிலச் சொல்தான், எங்கள் ஊரில் அது தமிழாகிவிட்டது என்று விளங்கப்படுத்தினேன். மறுதடவை நான் போனபோது, "வாருங்கள், அன்ரி உங்களுக்காகத் தேநீர் தயாரித்து வைத்திருக்கிறேன்" என்றார்.

நான் முதலில் பார்த்த பனி

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாழ்ப்பாணப் பட்டணத்துப் புத்தகக் கடை ஒன்றில் சீனப் புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கும். கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் வரும். தடித்த புத்தகங்களைக் கொள்கை பேசுகிற அண்ணைமார் வாங்குவார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்த என் அப்பாவுக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. வழவழவென்ற தாளில், நிறம் கொட்டின படங்களோடு, தமிழில் ஒரு பிள்ளைப் புத்தகம் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது என்பதால் வாங்கி வருவார்.

விரித்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு மணம். எனக்கு அது பிடிக்கும். ஒரு சிறுமி வெள்ளை வெளேரென்ற நிலத்தில் ஒரு பெரிய பூசணிக்காயைக் கயிறு கட்டி இழுத்துப் போவாள். அந்த வெள்ளையை நான் நெடுநாள் உப்பளம் என்று நினைத்திருந்தேன். ஆனையிறவில் பார்த்தது அதுதானே. கீழே, "எங்கும் பனி பொழிந்திருந்தது. ஆயினும் அவள் சோர்வடையவில்லை" என்று எழுதியிருக்கும். பிழையே இல்லாத தமிழ். ஆனால் அப்படி யாரும் கதைத்து நான் கேட்டதில்லை.

இந்த நாட்டுக்கு வந்து அகதி முகாமில் கழித்த முதல் குளிர்காலத்தைப் பற்றி இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். முதல் பனி விழுந்த காலையில் எல்லோரும் யன்னலுக்கு ஓடினார்கள். எனக்கு மட்டும் அது பழகின இடம் போல இருந்தது. இதை நான் ஏற்கெனவே தமிழில் பார்த்திருக்கிறேன் என்ற ஒரு நினைப்பு. பீக்கிங்கில் யாரோ ஒருவர் எனக்காக அதைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார் என்பதெல்லாம் அப்போது தெரியாது.

பூசணிக்காய்ப் புத்தகத்தைப் பற்றி வசந்தா அன்ரியிடம் கேட்டேன். அவர்தான் எழுதினார் என்று சொல்லப் போகிறார் என்று எனக்குள் ஒரு ஆசை.

"இல்லை" என்றார். "அதைச் செல்வன் மொழிபெயர்த்தார். நான் அச்சுப்பிழை பார்த்தேன். அச்சுக் கோர்ப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்துக் கோர்ப்பார்கள். ல, ள இரண்டும் எங்களை மிகவும் வருத்தும்."

ஆசிரியர் இன்னொரு சீனருக்கு வைத்த அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். அதைச் சொல்லிவிட்டு அவர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

எம்மன்புரூக்கேயில் ஒரு மத்தியானம்

வாரத்தில் சில நாள் போய்வரும் வீடு, கொஞ்சம் கொஞ்சமாக நான் காத்திருக்கும் வீடாகிவிட்டது. என் மகன் லோசானில் படிக்கிறான். போனில் தமிழில் கேட்டால் சுவிஸ் ஜேர்மனில் பதில் சொல்வான். இப்போது நடுவில் பிரெஞ்சும் வரத் தொடங்கிவிட்டது. கணவருக்கு வேலை முடிந்து வந்தால் செய்திதான் வேண்டும். ஒரு வசனத்தைத் தொடங்கி, அதை முடிக்கும்வரை எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. வசந்தா அன்ரி கேட்பார். விளங்காத சொல்லை நிறுத்திக் கேட்பார். எங்கள் ஊரில் பதற்றத்துக்கும் இக்கட்டுக்கும் சொல்கிற "அந்தரம்" என்ற சொல்லுக்கு அவரும் நானும் ஒரு கிழமை அர்த்தம் தேடினோம்.

அவ்வளவு காலம் தமிழோடு வாழ்ந்தவர் தமிழர் வாழும் ஒரு வீட்டையும் பார்த்ததில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. என் மேலாளரிடமும் அவருடைய மகள் மெய்யிடமும் அனுமதி கேட்டு, விடுமுறை நாள் ஒன்றில் அவரை எம்மன்புரூக்கேயில் இருக்கும் என் மச்சாள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மச்சாள் பிட்டும் கணவாய்க் கறியும் செய்திருந்தாள். அயலில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

"சீன அம்மா தமிழ் கதைக்கிறா. அம்மா, என்னவும் சொல்லுங்கோவன்" என்று ஒருவர் மாறி ஒருவர் போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். மேசையில் எல்லோரும் ஒரே நேரத்தில், எங்கள் வேகத்தில், பாதி ஜேர்மன் கலந்து கதைத்தார்கள். வசந்தா அன்ரி கதைப்பவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாராவது சிரித்தால் கொஞ்சம் பிந்திச் சிரித்தார்.

திரும்பி வரும்போது ரயில் ஓல்டனைத் தாண்டியதும் கேட்டேன்.

"களைச்சுப் போனீங்களோ அன்ரி?"

"உங்கள் உறவினர்கள் மிகவும் நல்லவர்கள்" என்றார். பிறகு, "எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வாழ்நாள் முழுவதும் நான் படித்தது தமிழ் என்று நினைத்திருந்தேன்" என்றார்.

"அது தமிழ்தான் அன்ரி. எங்களிலும் பார்க்க நல்ல தமிழ்."

"அப்படி இல்லை. அது அந்த நடைபாதையில் பேசிய தமிழ். அதைப் பேசியவர்களில் இன்னும் ஒருவர்தான் இருக்கிறார்."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

உழைப்பாளிகள்

செல்வனின் மேசை அவருடைய மேசைக்கு எதிரே இருந்தது. சீன மொழியில் இருவரும் ஒருவருக்கொருவர் "தோழர்" மட்டும்தான். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணும் ஆணும் சேர்ந்து நடந்தாலே கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆனால் சாப்பாட்டுக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போதும், பஸ்ஸில் நெரிபட்டுப் போகும்போதும் இவர்கள் இருவரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். சுற்றி நின்றவர்களுக்கு அது பயிற்சி. "இவர்களைப் போல உழைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வார்கள்" என்றார் அன்ரி.

"என்ன கதைச்சீங்கள்?"

"முதலில் இலக்கணம். பிறகு வானிலை. பிறகு ஒரு நாள், பஸ்ஸில், எல்லோரும் இடித்துக்கொண்டு நின்றபோது, அவர் சொன்னார்: எனக்கு உங்களில் விருப்பம்."

அது புத்தகத்திலிருந்து வந்த வசனம் இல்லை. புத்தகத் தமிழில் காதல் என்றுதான் இருக்கும். "எனக்கு உங்களில விருப்பம்" என்பது யாழ்ப்பாணத்துப் பொடியன் ரியூசன் வாசலில் சைக்கிளோடு நின்று சொல்வது. அந்த ஆசிரியரிடமிருந்துதான் போயிருக்க வேண்டும்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"எனக்கும் ஓம் என்றேன்."

ஆனால் செல்வனுக்கு ஊரில் பெண் பேசி வைத்திருந்தார்கள். மறுக்க முடியாத குடும்பம். அவர் திருமணம் செய்தார். பின்னர் இவரும் செய்தார். கணவர் பொறியியலாளர், நல்ல மனிதர், ஒரு குறையும் இல்லை. மேசைகள் மட்டும் எதிரெதிராகவே இருந்தன. அதற்குப் பிறகு அவர்கள் தமிழில் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தமிழ்ப் புத்தகங்கள் குறைந்து, ஒரு நாள் அந்த அறையையே மூடினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

இப்போது செல்வனின் மனைவி இல்லை. அவர் தனியாக, பழைய ஊழியர் குடியிருப்பில் இருக்கிறார். வசந்தா அன்ரியின் பழைய வீடும் அங்கேதான், பூட்டியபடி.

"நான் அங்கே போக வேண்டும்" என்றார்.

மெய்

மெய் சோலோதுர்னில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பொறியியலாளர். கணவர் சுவிஸ்காரர். தகப்பன் இறந்தபின் தாயை இங்கே கூப்பிட்டு, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துக் கொடுத்தவள். இடுப்பு முறிந்த பிறகு தாய் தனியாக இருப்பது அவளுக்குப் பயம். முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. அந்த மாதத்துக்குள் ஓம் என்று சொல்ல வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் வேலையிலிருந்து நேரே வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா பீக்கிங் போக வேண்டும் என்கிறா. அங்கே ஒருவரும் இல்லாத ஒரு வெறும் வீடு. காரணம் கேட்டால் பேசாமல் இருக்கிறா. டொக்டர் ஞாபகத்தைச் சோதிக்கச் சொல்கிறார்" என்று ஜேர்மனில் சொன்னாள். "நீங்கள் இரண்டுபேரும் மணிக்கணக்காகக் கதைக்கிறீர்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை. என்ன கதைக்கிறீர்கள்?"

கோபத்தை அடக்கித்தான் கேட்டாள். வேறு ஆளை அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு எடுத்தால் எனக்கு அந்த வீடு முடிந்தது. நோயாளியின் குடும்ப விஷயத்தில் தலையிடக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள்.

"அதை அம்மாதான் சொல்ல வேணும்" என்றேன்.

எங்கள் குரல் கேட்டிருக்க வேண்டும். வசந்தா அன்ரி அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மெய்யும் பின்னால் வந்தாள். அன்ரி கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்து ஏதோ சீனத்தில் தொடங்கி, நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"இதைச் சீனத்தில் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருபோதும் சொன்னதில்லை. நான் தமிழில் சொல்கிறேன். நீங்கள் அவளுக்கு ஜேர்மனில் சொல்லுங்கள்."

தாயும் மகளும் ஒரே மொழிக்காரர். நடுவில் நான், கையைத் துடைக்கிற துணியோடு. மெய்யிடம் கேட்டேன். சரி என்று தலையசைத்தாள்.

அன்ரி ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். மேசைகள். சாப்பாட்டு வரிசை. பஸ். உன் அப்பாவுக்கு நான் ஒரு நாளும் துரோகம் செய்யவில்லை என்று சொல்லச் சொன்னார். அதை மெய்க்கு ஒரு தடவை சொன்னேன். திரும்பச் சொன்னேன்.

விருப்பம் வந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஜேர்மனில் அதற்கென்று படித்து வைத்த பெரிய சொல் இருக்கிறது. இந்த ஊரில் யாரும் அதை வீட்டில் பாவிப்பதில்லை. ஒருவர் மேல் உயிரையே வைத்திருந்தாலும் "இ ஹா தி கேர்ன்" என்பார்கள். எனக்கு உன்னில் விருப்பம் என்பதுதான் அது. அதையே சொன்னேன்.

மெய் என்னைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குசினியில் சோற்றுப் பானை சத்தம் போட்டது. யாரும் எழும்பவில்லை.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று ஜேர்மனில் கேட்டாள்.

"ஓம்" என்றார் அன்ரி, என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல்.

மெய் தாயின் காலடியில் கீழே உட்கார்ந்து சீனத்தில் ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். மறுபடியும் கேட்டாள். இனி அங்கே எனக்கு வேலை இல்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். ஆற்றங்கரையில் சனங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நானும் ஒரு வாங்கில் போய் இருந்தேன். அடுத்த வீட்டுக்குப் போகவேண்டிய நேரம் தாண்டியும் எழும்ப மனம் வரவில்லை.

இப்போது

இலையுதிர் காலத்தில் மெய்யே விடுப்பு எடுத்துத் தாயைக் கூட்டிப்போனாள். பழைய வீட்டைத் துப்புரவாக்கி, பகலில் வந்துபோக ஒரு பெண்ணை ஒழுங்குபண்ணி, திரும்பி வந்து எனக்குச் சொன்னாள்: "அம்மா பாதி நாள் செல்வனின் வீட்டில்தான். இரண்டுபேரும் சண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்." சொல்லும்போது அவளுடைய கண் கலங்கியிருந்தது. முகத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது.

முதலில் வசந்தா அன்ரி அடிக்கடி அழைப்பு எடுத்தார். ஒரு தடவை செல்வனும் போனுக்கு வந்து, "வணக்கம் அம்மையீர், தங்கள் நலம் அறிய ஆவல்" என்றார். காது மந்தமானவர்களின் உரத்த குரல். பிறகு அழைப்புகள் குறைந்தன. போன மாதம் நானே எடுத்தேன்.

"இப்ப இரண்டுபேரும் நாள் முழுக்கத் தமிழ்தானோ அன்ரி?" என்று கேட்டேன்.

"இல்லை. சீனம்தான். முதல் நாட்களில் தமிழில் பேசினோம். இப்பொழுது எல்லாவற்றையும் சீனத்திலேயே சொல்ல முடிகிறது. யாருக்கும் ஒளிக்க வேண்டியதில்லை அல்லவா?"

நான் சந்தோசப்படவேண்டிய பதில் அது. பட்டேன்தான். ஆனால் நான் சொன்ன "நல்லது அன்ரி" வெறும் சொல்லாகத்தான் வந்தது. அது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்கள் இப்பொழுது யாருடன் தமிழ் பேசுகிறீர்கள்?" என்றார்.

"உங்களோடதான் அன்ரி."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னால் ஒரு ஆண்குரல் சீனத்தில் எதையோ கேட்டது. அவர் திரும்பிப் பதில் சொன்னார். அந்தக் குரல் மறுத்தது. இவர் சிரித்துக்கொண்டு நீளமாக எதையோ விளக்கினார். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. அவர் திரும்பத் தமிழுக்கு வரும்வரை, கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு நான் நின்றேன்.